கொறங்காட்டுக் கல்குருவி: இடத்தைச் சொன்னது நான்தான்

தாராபுரத்தான் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். இதை இறக்கி வைக்காமல் இன்று தூக்கம் வராது.

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் பக்கத்துக் கொறங்காடு ஒன்றில் (வேலி கட்டிய தனியார் மேய்ச்சல் நிலம்) கல்குருவி என்ற தரைவாழ் பறவை ஒன்று இரண்டு குஞ்சுகளோடு நின்றதைப் பார்த்தேன். சாலையோரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளே இருந்தபடியே பார்த்தேன். பதினொரு வருடமாகப் பறவை பார்க்கிறவன், கல்குருவியைக் குஞ்சோடு பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஆடு மேய்ந்து கட்டையாகிக் கிடந்த கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே நாலு எட்டு ஓடும், சட்டென்று நிமிர்ந்து நிற்கும், குனிந்து எதையோ கொத்தும், மறுபடி ஓடும். குஞ்சுகள் அசைந்தபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தன. அசையாவிட்டால் மண்தான்.

எடுத்த படத்தை அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாலு பேர் இடம் கேட்டார்கள். மேப் குறியை அப்படியே அனுப்பிவிட்டேன். குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். அது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

இன்று காலை மறுபடி போனேன். கிளுவை வேலியின் கடவில் கதவாக இருந்த முள்படல் பிடுங்கி ஓரமாகச் சாய்க்கப்பட்டிருந்தது. உள்ளே புல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டயர் தடம். நான் குஞ்சைப் பார்த்த இடத்தின் மேலேயே ஒரு தடம் போகிறது. கல்குருவி இல்லை.

நின்றுகொண்டிருந்தபோது காட்டுக்காரம்மா வந்தார். "நீங்களும் குருவி பாக்க வந்தவரா?" என்றுதான் கேட்டார். போன ஞாயிறு ஆறு கார் வந்ததாம். படலைத் திறந்துபோட்டுப் போனதில் சினைமாடு ஒன்று வெளியேறி, இருட்டிய பிறகு தார்ச்சாலையில் நின்றதைப் பால்காரர் ஒருவர் பார்த்துப் பிடித்துக் கட்டியிருக்கிறார். ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தம்மா கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இடத்தைச் சொன்னது நான்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். குளத்துக்கும் மலைக்கும் எப்படிப் போவது என்று நமக்கு ஓரளவு பழக்கம் உண்டு. புல்வெளிக்கு எப்படிப் போவது? போகவே கூடாதா?

கீச்சான் | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, ஒளிக்காமல் எழுதினீர்களே, அதுவே பெரிது. நானும் இப்படி ஒரு பாவம் செய்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன், சித்திரை மாதம், மஞ்சள்மூக்கு ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. படத்துக்கு நன்றாகக் கிட்டே வருகிறதே என்று சந்தோஷமாக நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தூரத்திலிருந்தே கையைக் காட்டி "அப்புடியே நில்லுங்க, காலத் தூக்காதீங்க" என்றார். என் இடது காலுக்கு ஒரு சாண் தள்ளி நாலு முட்டை. மண் நிறம், மண்ணிலேயே புள்ளி. அவர் சொல்லாவிட்டால் மிதித்திருப்பேன்.

மரத்தில் கூடு கட்டும் பறவைக்கு நம் கால் எமன் இல்லை. புல்வெளியில் எல்லாமே நம் காலடியில்தான். ஆட்காட்டி, கல்குருவி, கண்கிலேடி, கல்கவுதாரி, பக்கி, காடை எல்லாம் தரையில் முட்டையிடுகிறவை. சாம்பல்தலை வானம்பாடி மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலேயே கூடு வைத்துவிடும். ஒளிந்துகொள்ள மரம் கிடையாது, புதர் கிடையாது. அவற்றுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அசையாமல் கிடப்பது. "எதுவும் தெரியவில்லையே, நடப்போம்" என்று நாம் நினைக்கிற இடத்தில்தான் எல்லாம் இருக்கும்.

இன்னொன்று வெயில். பங்குனி, சித்திரை, வைகாசிதான் இவற்றில் பலவற்றுக்குக் குஞ்சு பொரிக்கும் காலம். தாய் உட்காருவது சூடு கொடுக்க என்று நினைக்கிறோம். உச்சிவெயிலில் அது நிழல் கொடுக்க உட்காருகிறது. மஞ்சள்மூக்கு ஆட்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைக்கும். அப்படிப்பட்ட பறவையை நாம் எழுப்பிவிட்டு அரைமணி நேரம் அங்கேயே நின்றால் முட்டை வெந்துபோகும். நாம் நகர்ந்ததும் அது திரும்பி வந்து உட்காரும், நாமும் "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிக்கொள்வோம். ஆனது உள்ளே ஆகியிருக்கும்.

காக்கையையும் மறக்காதீர்கள். மனுசன் குனிந்து பார்க்கிற இடத்தை அது கவனித்து வைத்துக்கொள்கிறது.

போகவே கூடாதா என்று கேட்டீர்கள். போகலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். நீங்கள் முதல் நாள் செய்தது சரிதான். தப்பு மாலையில் நடந்தது.

ஒளிப்படக்காரன் | திங்கள், காலை 6.50

எல்லோரும் இனி கேமராக்காரர்களைத் திட்டுவார்கள் என்று தெரியும். அந்த ஆறு காரில் கேமரா இருந்திருக்கும், மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததையும் கேளுங்கள்.

புல்வெளிப் பறவை காரைக் கண்டு ஓடுவதைவிட மனித உருவத்தைக் கண்டுதான் அதிகம் ஓடுகிறது. அதனால் கார் நல்ல மறைவு. ஆனால் ஒரு நிபந்தனை: ஏற்கெனவே இருக்கும் வண்டித்தடத்தை விட்டு ஒரு அடிகூட இறங்கக் கூடாது. தடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பேசாமல் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். வானம்பாடி தானாக வரும். நான் எடுத்ததில் நல்ல படங்கள் எல்லாம் பறவை என்னை நோக்கி வந்தபோது எடுத்தவை. நான் துரத்திப் போய் எடுத்தவற்றில் பறவையின் முதுகுதான் இருக்கும்.

ஒரு காலத்தில் தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்து போய் எடுப்பேன். கண்ணுக்கு நேர் மட்டத்தில் படம் வேண்டும் என்ற ஆசை. ஒருநாள் ஊர்ந்து முடித்து எழுந்தபோது சட்டையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. என்ன பறவையின் முட்டை என்றுகூடத் தெரியவில்லை. அன்றோடு விட்டுவிட்டேன். பங்குனி முதல் ஆவணி வரை எந்தப் புல்வெளியிலும் காரிலிருந்து இறங்குவதில்லை. கூட்டையும் முட்டையையும் குஞ்சையும் எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்துவிட்டால் யாருக்கும் காட்டுவதில்லை. ஒரு குஞ்சுப் படத்துக்குக் கிடைக்கிற கைதட்டல் பத்துப் பேரை அடுத்த குஞ்சைத் தேட அனுப்புகிறது.

தாராபுரத்தான், உங்கள் படத்துக்கு அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தரவுப்பிரியை | திங்கள், காலை 9.15

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பேச்சு கடைசியில் "எதையும் யாருக்கும் சொல்லாதே" என்று முடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எதிர்த்தரப்பை வைக்கிறேன்.

வனத்துறைக் காட்டுக்குக் காவலர் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலுக்கும் போனது. அங்கே என்ன பறவை வருகிறது என்று வருடக்கணக்காகப் பலர் எழுதி வைத்திருந்தார்கள். புல்வெளிக்கு அரசுப் பதிவேட்டில் என்ன பெயர்? தரிசு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி. நாட்டளவில் புல்வெளிகளைத் தரிசு நிலப் பட்டியலில்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் பயன்படாத நிலம் என்று எழுதிவிட்டால் அங்கே எதையும் கொண்டுவரலாம்: சோலார் தகடு, மனைப்பிரிவு, குப்பைக்கிடங்கு, மரம் நடும் திட்டம். "இங்கே கல்குருவி இனப்பெருக்கம் செய்கிறது" என்று ஒரே ஒரு பதிவுகூட இல்லாவிட்டால் நாம் எதை வைத்துப் பேசுவோம்?

2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில் 942 வகைகளை ஆராய்ந்து, 178 வகைகளுக்கு உடனடி அக்கறை வேண்டும் என்றார்கள். திறந்தவெளிப் பறவைகள் வேகமாகக் குறைவது அதில் தெளிவாக வந்தது. நமக்குப் பழகிப்போன பனங்காடைகூடக் குறைகிறது என்று தெரிந்தது அப்படித்தான். சாதாரண ஆட்கள் ஒவ்வொரு காலையும் இபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போட்ட பட்டியல்தான் அதற்கு ஆதாரம்.

பதிவு செய்வது வேறு, ஊருக்கு அறிவிப்பது வேறு. முதலாவதை விடக் கூடாது. இபேர்டில் பட்டியலைப் போட்டுவிட்டு, அதைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்க வழி இருக்கிறது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு, ஐப்பசியிலோ கார்த்திகையிலோ திறந்துவிடலாம். கானமயில், வரகுக்கோழி போன்ற மிக அரிய சிலவற்றின் இடத்தை 2017 முதல் அந்தத் தளமே துல்லியமாகக் காட்டுவதில்லை. கல்குருவிக்கு அப்படி ஒரு திரை இல்லையென்றால் நாம்தான் போட வேண்டும்.

படத்தைப் பகிர்வதிலும் கவனம். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகும். பின்னணியில் காற்றாலைத் தூணில் எழுதியிருக்கும் எண் தெரிந்தால் போதும், தேடுகிறவர் வந்துவிடுவார். கோயில் கோபுரம், செல்போன் கோபுரம் எல்லாமே அடையாளம்தான்.

கீச்சான் | திங்கள், பிற்பகல் 1.05

தரவுப்பிரியை சொல்வதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நிலத்தை வாங்க வருகிறவர் இபேர்டைப் பார்த்துவிட்டு வருவதில்லை. நீங்கள் சொல்வது அரசுப் புறம்போக்குக்குப் பொருந்தும். கொறங்காடு பட்டா நிலம். அதை விற்பதும் வைப்பதும் அந்தக் குடும்பத்தின் முடிவு. அவர்கள் மனதில் "குருவி பார்க்க வருகிறவர்கள் என்றால் தொந்தரவு" என்று பதிந்துவிட்டால், நாம் எத்தனை பட்டியல் போட்டும் பயனில்லை.

தரவுப்பிரியை | திங்கள், பிற்பகல் 1.40

ஆமாம் ஐயா, பட்டா நிலத்தையும் புறம்போக்கையும் நான் ஒன்றாகப் போட்டுப் பேசிவிட்டேன். பட்டா நிலமென்றால் பதிவு போடுவதற்கே காட்டுக்காரர் சம்மதம் கேட்பதுதான் முறை என்று இப்போது தோன்றுகிறது.

நெல்லைப் பூனைப்பருந்து | திங்கள், இரவு 8.30

நீங்க எல்லாரும் கோடையப் பத்திப் பேசுதீங்க, நான் பனிக்காலத்தச் சொல்லுதேன். எங்க பக்கம் ஐப்பசி வாக்குல பூனைப்பருந்து வந்து எறங்கும். வெளிறிய பூனைப்பருந்து, மாண்டேகு பூனைப்பருந்து, சேத்துப் பூனைப்பருந்து மூணும் உண்டு. கசகஸ்தான் மாதிரி தூர தேசத்துப் புல்வெளியில பொறந்ததுக, பங்குனிக்குள்ள திரும்பிப் போயிரும். பகல்ல வயக்காட்டுலயும் தரிசுலயும் வெட்டுக்கிளி பிடிச்சுத் தின்னும். சம்சாரிக்கு இதவிட நல்ல கூட்டாளி யாரு?

ஆனா இதுக மரத்துல அடையாது. சாயங்காலம் ஒவ்வொண்ணா வந்து, புல்லுக்கு மேல தாழச் சுத்தி, பொழுது அடையுற நேரத்துல தரையில எறங்கிப் படுக்கும். ஒரே புல்வெளியில பத்து, இருவது, சில இடத்துல அதுக்கும் மேல. விடிய முன்னால எழும்பிப் போயிரும். அந்த அடையிற இடம்தான் உயிர். அங்க ஒருநாள் ராத்திரி கலைச்சுவிட்டா இருட்டுல எங்க போகும்? நரி இருக்கு, நாய் இருக்கு.

ஒரு தடவை டார்ச் அடிச்சுக்கிட்டு ஆள் உள்ள போனதப் பாத்தேன். கண்ணு முன்னாடி அம்புட்டும் எழும்பிச்சு. மறுநாள் சாயங்காலம் பாதிகூட வரல. அதுக்கப்புறம் நாங்க வச்ச முறை: நாலரை மணிக்குள்ள மேட்டுல போயி உக்காந்துரணும், அடையிற புல்லுக்கும் நமக்கும் நடுவுல ஒரு நல்ல வயக்காட்டுத் தூரமாவது இருக்கணும், அசையக் கூடாது, கடைசிப் பறவை எறங்கி நல்லா இருட்டுன பொறவுதான் எழுந்திரிக்கணும். டார்ச்ச தரையப் பாத்துப் பிடிக்கணும். வாரது போறத ஒருத்தர் எண்ணணும், ஒருத்தர் எழுதணும். டிரோன் கூடவே கூடாது, பருந்துக்கு அது இன்னொரு பருந்து.

புல்லக் கொளுத்துறதுதான் எங்களுக்குப் பெரிய தலவலி. தை, மாசியில காஞ்ச புல்லுக்குத் தீ வைப்பாங்க. மேய்க்கிறவங்ககிட்ட உக்காந்து பேசி, பருந்து போற வரைக்கும் அந்த ஒரு துண்ட மட்டும் விட்டுருங்கன்னு கேட்டோம். விட்டாங்க. எங்க ஊர்ல நடந்தது இது, பேச்சுவார்த்தை ஒரு டீ செலவுல முடிஞ்சுது.

புது பைனாகுலர் | செவ்வாய், காலை 7.20

நான் பறவை பார்க்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டதிலிருந்து ஆர்வம். இதையெல்லாம் படித்ததும் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. பறவைக்குத் தொந்தரவு ஆகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? செல்போனில் குரலைப் போட்டு வரவழைப்பதும் தப்பா? எங்களை அழைத்துப் போனவர் காடைக்கு அப்படித்தான் செய்தார்.

கீச்சான் | செவ்வாய், காலை 8.45

வீட்டில் இருக்க வேண்டாம் அம்மா, வாருங்கள். தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவதுதான் எனக்குப் பிடிக்கும்.

பறவை என்ன செய்துகொண்டிருந்ததோ அதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. கொத்திக்கொண்டிருந்தது தலையை நிமிர்த்தி உறைந்து நிற்கும். அங்கேயே நீங்களும் நின்றுவிடுங்கள். மறுபடி அது குனிந்து கொத்த ஆரம்பித்தால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். கொத்தாமல் தள்ளித் தள்ளி நடந்தால் நீங்கள் பின்வாங்க வேண்டும். ஆட்காட்டி தலைக்கு மேல் வந்து கத்தினால், ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு போனால், வாயில் புழுவோடு உட்கார்ந்து உள்ளே போகாமல் நின்றால், கூடோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. அப்போது கூட்டைத் தேடாதீர்கள். வந்த காலடித் தடத்திலேயே, கீழே பார்த்துப் பார்த்து, திரும்புங்கள். சிறகொடிந்த நடிப்பைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிரைப் பணயம் வைத்து நம்மை இழுத்துப் போகிறது அது.

குரல் போடுவதைப் பற்றி. காடை கூப்பிடுவது "இது என் இடம்" என்று சொல்ல. நீங்கள் போனில் போட்டால் எதிரி வந்துவிட்டான் என்று இரையை விட்டு, துணையை விட்டு, மறைவை விட்டு வெளியே வருகிறது. வெட்டவெளியில் அதற்கு மேலே வல்லூறு இருக்கலாம். ஒரு தடவைதானே என்பீர்கள். அதே இடத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் வந்து ஒரு தடவை போடுகிறார். புல்வெளியில் நான் போடுவதே இல்லை. காது கொடுத்தால் போதும், விடியற்காலையில் அது தானாகவே கூப்பிடும்.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி எடுத்தவன் மட்டும் வேட்டைக்காரன் இல்லை.

ஒளிப்படக்காரன் | செவ்வாய், காலை 9.30

தண்ணீர்க் குட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோடையில் கல்கவுதாரி காலையில் கூட்டமாகத் தண்ணீருக்கு வரும். குஞ்சு வைத்திருக்கும் ஆண் பறவை வயிற்று இறகில் தண்ணீரை ஊறவைத்து எடுத்துப்போய்க் குஞ்சுக்குக் கொடுக்கும். குட்டைக் கரையிலேயே மறைவு கட்டி உட்கார்ந்தால் அது மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடும். படம் கிடைக்கவில்லை என்று நமக்கு வருத்தம். அன்று அந்தக் குஞ்சுக்குத் தண்ணீர் இல்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு குட்டை என்றால் அதன் பக்கம் போகாமல் இருப்பதுதான் சரி.

கோத்தகிரிக்காரர் | செவ்வாய், மாலை 5.10

மேலே மலையிலும் இதே கதைதான். சோலைக்காட்டுப் புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை தரையில் கூடு வைக்கும். ஏற்கெனவே சீகை மரமும் பைன் மரமும் நட்டு நட்டுப் புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமிருக்கும் துண்டிலும் ஆட்கள் பாதையை விட்டு இறங்கி நடக்கிறார்கள். ஒருவர் நடந்த தடத்தில் மழை பெய்து ஓடை விழுந்துவிடும், புல் திரும்ப வராது. பாதையிலேயே நின்றாலும் நெட்டைக்காலி தெரியும், அவசரப்படாமல் இருந்தால்.

மூலனூர் மருமக | செவ்வாய், இரவு 9.55

எங்க வீட்டுக்கும் கொறங்காடு இருக்குதுங்க, பன்னெண்டு ஏக்கரா. தாராபுரத்தான் சொன்ன காடு எங்களுது இல்லீங்க, ஆனா சேதி கேட்டதும் எங்க காடு மாதிரியே இருந்துச்சு. இந்தப் பேச்ச பூராவும் மாமனாருக்குப் படிச்சுக் காட்டுனேன். அவரு சொன்னதயும் எனக்குத் தோணுனதயும் எழுதறேனுங்க.

முதல்ல, இது காலியாக் கெடக்கற எடம் இல்லீங்க. சுத்தியும் கிளுவ வேலி, நடுவுல வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டப் புல்லு. எங்க பாட்டன் முப்பாட்டன் வெச்சதுங்க. காங்கேயம் மாடும் செம்மறியும் இதுலதான் பொழைக்குது. மழ பேஞ்சா ஒரு காட்ட அடச்சுப் போட்டு புல்லு வளர விடுவோம், இன்னொண்ணுல மேய்ப்போம். கோடையில புல்லு காஞ்சாலும் வேலங்கா உதுரும், ஆடு பொறுக்கித் திங்கும். கட்டையா மேஞ்ச எடத்துலதான் அந்தக் கல்குருவி நிக்கும்னு மாமனார் சொல்றாருங்க. புல்லு ஒசந்துட்டா அது அந்தக் காட்ட விட்டுட்டுப் போயிருமாம். அப்பொ மாடு மேஞ்சாத்தான் உங்க குருவியும் இருக்கும். எங்களத் தள்ளி வெச்சுட்டுக் குருவிய மட்டும் காப்பாத்த முடியாதுங்க.

ரெண்டாவது, கேளுங்க. வேலி இருக்கற காட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி ஒரு வார்த்த கேளுங்க. யாரும் இல்லீன்னா பக்கத்துல ஆடு மேய்க்கறவங்கள கேளுங்க. எங்க மாமனாருக்கு எந்த மூலைல முட்ட இருக்குதுன்னு தெரியும். அந்தப் பக்கம் ஆட்டயே ஓட்டமாட்டாரு. கேட்டுட்டு வந்தா எங்க நிக்கலாம்னு அவரே சொல்லுவாரு. படல் தொறந்து இருந்தா தொறந்த மாதிரி வுடுங்க, சாத்தி இருந்தா சாத்திட்டுப் போங்க. நாயக் கூட்டியாராதீங்க. உங்க காருக்குப் பின்னால ஊர் நாயும் ஓடியாருது, அதயும் பாருங்க.

மூணாவது, ஒரு தடவ ஒருத்தர் கூட்டக் காட்டுனா காசு தர்றேன்னு எங்கூருப் பசங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அடுத்த ஒரு வாரம் பசங்க காடு பூராத்தயும் மிதிச்சு முட்டயத் தேடுனாங்க. தயவுசெஞ்சு அதச் செய்யாதீங்க. காசு தரோணும்னு தோணுச்சுன்னா ஒரு தூக்குப் பாலோ நாலு தேங்காயோ வெல குடுத்து வாங்கிட்டுப் போங்க.

இன்னொண்ணுங்க. நல்ல மனசோட சில பேரு மரக்கன்னு நட வந்தாங்க. நெழல் வந்தா புல்லு போயிருமுங்க. இருக்கற வேல மரம் போதும். சீமக்கருவேலத்தப் புடுங்க வாங்க, அதுக்குச் சோறு போட்டு வேலையும் தர்றோம்.

எங்க பக்கத்துக் காடு ரெண்டு இப்பொ வெலைக்குப் போயிருச்சுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டு போன் வருது. மாமனார் இருக்கற வரைக்கும் விக்கமாட்டோம். அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா வர்றவங்க மரியாதயா வந்து, இது பெரிய சொத்துன்னு எங்க புள்ளைங்க காது கேக்கச் சொல்லிட்டுப் போனீங்கன்னா, அதுவும் ஒரு கணக்குல வருமுங்க.

தரவுப்பிரியை | செவ்வாய், இரவு 10.30

அக்கா, இதை மூன்று தடவை படித்தேன். உங்கள் மாமனாருக்குத் தெரிந்ததை அவர் சம்மதத்தோடு எழுதி வைக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத செய்தி அது. நீங்கள் சொல்லும் நாளில் வருகிறேன், பைனாகுலர் இல்லாமல் வருகிறேன்.

மூலனூர் மருமக | புதன், காலை 5.50

பைனாகுலரோடயே வாங்க. புள்ளைங்களுக்குக் காட்டோணும்.

நெறியாளர் | புதன், காலை 10.00

இந்த இழையைப் படித்த பிறகு நிர்வாகக் குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். இன்று முதல் தரையில் கூடு வைக்கும் பறவைகளின் கூடு, முட்டை, பறக்காத குஞ்சு ஆகியவற்றின் படங்களை இங்கே ஏற்க மாட்டோம். புல்வெளிப் பறவைகளைப் பற்றி எழுதும்போது மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஊர்ப்பெயர் வேண்டாம். தனிச்செய்தியில் யாராவது இடம் கேட்டு, உங்களுக்கு அவரைத் தெரியாது என்றால் கொடுக்க வேண்டாம். பூனைப்பருந்து அடையும் இடங்களுக்கும் இதேதான், வருடம் முழுக்க. பழைய பதிவுகளில் இருக்கும் மேப் குறிகளை நீக்கிக்கொண்டிருக்கிறோம். எதையாவது விட்டிருந்தால் காட்டுங்கள்.

ஒளிப்படக்காரன் | புதன், காலை 10.20

என் பழைய பதிவுகளில் ஏழு இருக்கின்றன. பட்டியல் அனுப்பியிருக்கிறேன், எடுத்துவிடுங்கள்.

தாராபுரத்தான் | அடுத்த ஞாயிறு, மாலை 7.15

எல்லோருக்கும் நன்றி. வாட்ஸ்அப் குழுவில் அந்தக் குறியை அழிக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டதால் எல்லோருக்குமாக அழிக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று முழுதாக எழுதி, இனி யாரும் அங்கே போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர் தனியாக அழைத்து, தாங்கள்தான் காரை உள்ளே விட்டது என்று சொன்னார்கள். அவர்களில் ஒருவர் இன்று என்னோடு வந்தார்.

காட்டுக்காரம்மாவிடம் போய் இடத்தைச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மோர் கொடுத்தார். மாடு நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் கன்று போடும் என்றார். வந்தவர் மன்னிப்புக் கேட்டபோது, "மாட்டுக்கிட்டக் கேளுங்க" என்றார், அதையும் கோபமாகச் சொல்லவில்லை.

படல் கட்டைகள் இரண்டு ஒடிந்திருந்தன. மதியம் வரை இருந்து அவர் மகனோடு சேர்ந்து புதிதாகக் கட்டினோம். முள்ளை எப்படிப் பின்ன வேண்டும் என்று அந்தப் பையன்தான் சொல்லிக்கொடுத்தான், பத்தாவது படிக்கிறான். வேலை செய்துகொண்டிருந்தபோது, கல்குருவி ரெண்டு நாளுக்கு முன் மேற்கே அடுத்த காட்டில் நின்றதாகச் சொன்னான். குஞ்சு ஒன்றுதான் கூட இருந்ததாம். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

பதிவு போடலாமா என்று அந்தம்மாவிடம் கேட்டேன். என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. "எங்க பேரு வேண்டாம், ஊரு பேரு வேண்டாம், குருவி பேரு மட்டும் போட்டுக்குங்க" என்றார். இபேர்டில் பட்டியல் இருக்கிறது, மறைத்து வைத்திருக்கிறேன். கார்த்திகையில் அவரிடம் மறுபடி கேட்டுவிட்டுத் திறக்கிறேன்.